விழுந்தவனும் வேடிக்கை பார்த்தவர்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி வெள்ளவத்தையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



"விளையாட்டும் பண்பும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நமது செயலாளர் என்னைப் பணித்தார். அந்தத் தலைப்பில் பேசுவது வெகு சுலபம். விளையாட்டு உடலை வளர்க்கும், பண்பு உள்ளத்தை வளர்க்கும் என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டு இறங்கினால் நீங்களும் கைதட்டுவீர்கள்; தேநீருக்குப் போகும்போது மறந்தும் விடுவீர்கள். ஆகவே செயலாளரின் மன்னிப்பைக் கோரிக்கொண்டு, அத்தலைப்பை ஒதுக்கிவைத்து, ஒரே ஒரு உதைபந்தாட்டக்காரரைப் பற்றியும், அவர் விழுந்தபோதெல்லாம் உலகத்தார் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும் பேச எண்ணியிருக்கிறேன். இறுதியில் நமது சங்கத்தில் நடந்த ஒரு சம்பவத்திற்கு வருவேன். அது எதுவென்று முன்வரிசையில் இருக்கும் தம்பிமார் சிலருக்கு இப்பொழுதே விளங்கியிருக்கும். தலைகள் குனிவதைப் பார்க்கிறேன்.

அந்த ஆட்டக்காரர் பிரேசில் நாட்டு நெய்மார். இங்கே இருக்கும் பெரியோர்களில் பெலேயைத் தெரிந்து நெய்மாரைத் தெரியாதவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2023 செப்டம்பர் 8ஆம் திகதி, பொலிவியாவுக்கு எதிரான ஆட்டத்தில், பிரேசில் தேசிய அணிக்காக அதிக கோல்கள் அடித்தவர் என்ற பெருமையைப் பெலேயிடமிருந்து பெற்றுக்கொண்டவர் இவர். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கணக்கில் பெலே அடித்தவை 77. நெய்மார் அன்றோடு 79. ஆனால், பெலேயை உலகம் போற்றியது போல் இவரை உலகம் போற்றவில்லை. பாதிப்பேர் தலையில் வைத்து ஆடினார்கள். மற்றப் பாதிப்பேர் அதே தலையில் மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

உலகக் கிண்ணக் காலம் வந்தால் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் பிரேசிலின் பச்சை மஞ்சள் கொடியும் ஆர்ஜென்டீனாவின் நீலக் கொடியும் எதிரெதிர் வீட்டு மாடிகளில் தொங்குவதை நீங்கள் அறிவீர்கள். அந்த நாடுகளில் நமக்கு உற்றாருமில்லை, உறவினருமில்லை. அப்படியிருந்தும் ஒரு மாதத்திற்கு அயலவர் இருவர் பேச்சுவார்த்தையின்றி இருப்பார்கள்! கேரளத்தவர் இதில் நம்மையும் விஞ்சியவர்கள். 2022ஆம் ஆண்டு கோழிக்கோட்டுக்கு அருகே புல்லாவூர் என்ற கிராமத்தில், ஆற்றின் நடுவே மெஸ்ஸியின் 30 அடி உருவப் பலகையை ஒரு கூட்டம் நிறுத்தியது. பிரேசில் அபிமானிகள் சும்மா இருப்பார்களா? பக்கத்திலேயே நெய்மாரை 40 அடியில் நிறுத்தினார்கள். பின்னர் ரொனால்டோவின் ஆட்கள் அவ்விருவரிலும் உயரமாக அவரை நிறுத்தினார்கள். நீரோட்டத்திற்குத் தடை என்று முறைப்பாடும் எழுந்தது. சர்வதேச சம்மேளனமே அந்தப் படத்தைத் தன் சமூக ஊடகத்தில் வெளியிட்டு மகிழ்ந்தது. எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். அன்பு மிகுந்தால் சற்றுப் பைத்தியமும் மிகும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த அன்பு எந்த இடத்தில் புளித்துப் போகிறது என்பதே என்னுடைய விசாரம்.

2014ஆம் ஆண்டு யூலை 4ஆம் திகதிக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். பிரேசிலில் போர்த்தலேசா நகரம், உலகக் கிண்ணக் காலிறுதி, எதிரணி கொலம்பியா. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. கொலம்பியாவின் சூனிகா என்பவர் பந்துக்குப் பாய்ந்தபோது அவருடைய முழங்கால் நெய்மாரின் முதுகில் மோதியது. முள்ளந்தண்டில், இடுப்புப் பகுதியின் மூன்றாவது எலும்பு வெடித்தது. நெய்மாருக்கு அப்போது வயது 22. அவர் அழுதபடி தூக்குக்கட்டிலில் சென்றதை உலகமே பார்த்தது. இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே பட்டிருந்தால் தாம் சக்கர நாற்காலியில் இருந்திருக்கக்கூடும் என்று அவரே பின்னர் சொன்னார்.

அந்த இரவே சூனிகாவின் மீது தூற்றல் மழை பொழியத் தொடங்கியது. கையில் தொலைபேசி வைத்திருந்தவனெல்லாம் நீதிபதியானான். அவருடைய நிறத்தைச் சொல்லி இழித்தார்கள், கொல்லுவோம் என்றார்கள். ஒரு கொலம்பியருக்கு இது வெறும் வார்த்தையாகப் படாது. ஏனென்றால் அதற்குச் சரியாக இருபது ஆண்டுகளும் இரண்டு நாட்களும் முன்னே, 1994 யூலை 2ஆம் திகதி, அவர்களுடைய அணித் தோழர் அந்திரேஸ் எஸ்கோபார் மெடெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகக் கிண்ண ஆட்டமொன்றில் தவறுதலாகத் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டியவர் அவர். அந்த ஆட்டம் நடந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நெய்மாரோ, தம்மைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்த சூனிகாவின் மீது தமக்குப் பகையில்லை என்று பத்திரிகையாளர் முன் சொன்னார். முதுகு முறிந்தவன் பொறுத்துக்கொண்டான். வீட்டில் சாய்வுநாற்காலியில் இருந்து பார்த்தவன் பொறுக்கவில்லை. இந்த விநோதத்தைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் இந்தக் கைத்தொலைபேசி வந்த பின் வந்த வினை" என்று பின்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, 2004 டிசம்பர் 5ஆம் திகதி பெங்களூரில் இந்தியாவின் சம்மேளனக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. கோவாவின் டெம்போ அணிக்கும் கல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கும் போட்டி. டெம்போவில் கிறிஸ்தியானோ யூனியர் என்ற பிரேசில் இளைஞர் ஆடினார். தன் இரண்டாவது கோலை அடித்த அதே கணத்தில், முன்னே ஓடிவந்த கோல் காப்பாளருடன் மோதி விழுந்தார். எழும்பவில்லை. உயிர் போய்விட்டது. அந்தக் கோல் காப்பாளர் சுப்ரதா பால். இளம் பையன். அவர் கேட்ட பழிச்சொற்கள் கொஞ்சமல்ல. அந்த நாளில் நமது பகுதிகளில் முகநூலை யார் அறிவார்? பழி சொல்வதற்கு வாய் ஒன்றே போதுமானதாயிருந்தது. அந்தப் பையன் ஆட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. 2011இல் ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவின் கோலைக் காத்தவர் அவரே. 2016இல் அவருக்கு அர்ச்சுனா விருதும் கிடைத்தது. இடையிலிருந்த ஆண்டுகளில் அவர் எத்தனை இரவு உறங்கினார் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

நெய்மாரிடம் திரும்புவோம். அவரை முழுக்க முழுக்க அப்பாவியாகக் காட்டுவதற்கும் நான் இங்கு வரவில்லை. 2018இல் ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணத்தில் அவர் தொட்டதற்கெல்லாம் விழுந்தார், விழுந்தால் உருண்டார், உருண்டால் இலகுவில் நிற்கவில்லை. முதல் நான்கு ஆட்டங்களில் அவர் ஏறக்குறையப் பதினான்கு நிமிடம் தரையிலேயே கிடந்தார் என்று சுவிற்சர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று கணக்கெடுத்து வெளியிட்டது. உலகெங்கும் சிறுவர்கள் அவரைப் போல் உருண்டு காட்டிக் காணொளி எடுத்தார்கள். ஆட்டம் முடிந்து பிரேசில் வீட்டுக்குப் போன பின்னர், தாம் சில வேளைகளில் மிகைப்படுத்துவதுண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார். எங்கே ஒப்புக்கொண்டார் தெரியுமா? சவர அலகு விற்கும் ஒரு கம்பனியின் விளம்பரத்தில்! காசு வாங்கிக்கொண்டு கேட்கும் மன்னிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"புலி வருது, புலி வருது" என்று கத்திய மாட்டுக்காரப் பையனின் கதையைச் சின்ன வகுப்பில் படித்தோம். அந்தக் கதையின் பாடம் பையனுக்கு என்றே நமது வாத்தியார்மார் சொல்லித் தந்தார்கள். உண்மையாகப் புலி வந்த அன்று வயலில் நின்ற பெரியவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டிப் பார்ப்பதற்கு என்ன செலவு?

2022 நவம்பர் 24ஆம் திகதி கட்டாரில் அந்தப் புலி வந்தது. சேர்பிய அணியினர் அந்த ஒரே ஆட்டத்தில் ஒன்பது தடவை நெய்மாரைத் தவறான முறையில் வீழ்த்தினார்கள். வலக்கணுக்கால் வீங்கி, வாங்கில் அமர்ந்து முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டார். இதற்கு இரண்டு மாதம் முன்பு, பிரேசில் சனாதிபதித் தேர்தலில் போல்சொனாரோவை ஆதரித்துக் குறுங்காணொளி ஒன்றை அவர் சமூக ஊடகத்தில் வெளியிட்டிருந்தார். அந்த வேட்பாளர் தோற்றார். ஆனால், ஊர் இரண்டுபட்டே கிடந்தது. எனவே நெய்மாரின் கால் வீங்கியபோது அவருடைய சொந்த நாட்டாரிலேயே ஒரு சாரார் ஆனந்தப்பட்டார்கள். "கடவுள் கேட்டார்" என்ற வகையில் எழுதினார்கள். அவருடன் அணியில் ஆடிய இராபீன்யா மனம் பொறுக்காமல் ஒரு செய்தியைத் தம் சமூக ஊடகப் பக்கத்தில் பகிர்ந்துகொண்டார். ஆர்ஜென்டீனர் மெஸ்ஸியைக் கடவுளாக நடத்துகிறார்கள், போர்த்துக்கேயர் ரொனால்டோவை அரசனாக நடத்துகிறார்கள், பிரேசிலர்களோ நெய்மாரின் கால் முறிய வேண்டுமென்று வேண்டுகிறார்கள் என்பது அதன் சாரம்.

அரசியலில் அவர் சொன்னது சரியா பிழையா என்பது வேறு வழக்கு. ஆட்டக்காரனுக்கு அரசியல் பேச உரிமையுண்டு. அவன் பேச்சை மறுத்துப் பேச நமக்கும் உரிமையுண்டு. கணுக்கால் அந்த வழக்கில் பிரதிவாதி அல்லவே!

பாரதக் கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துரியோதனன் செய்த கொடுமைகளுக்குக் கணக்கில்லை. கதாயுத்தத்தில் வீமன் அவனுடைய தொடையில் அடித்து வீழ்த்தினான். இடுப்புக்குக் கீழே அடித்தது முறையல்ல என்று பலராமர் கலப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்ததும் கதையில் உண்டு. அதைவிட எனக்கு நெருடலான இடம் ஒன்றிருக்கிறது. விழுந்து கிடந்தவனுடைய தலையை வீமன் காலால் உதைத்தான். அப்போது தடுத்தவர் யார்? நாடிழந்து, காடு சென்று, மனைவி சபையில் அவமானப்பட்டதைக் கண்ணால் கண்ட தருமர். சினங்கொள்ள அவரைவிட உரிமையுள்ளவர் வேறு யார்? வீமனுடைய கோபத்தில் நியாயமில்லை என்று தருமர் சொல்லவில்லை. காலை எடு என்றுதான் சொன்னார்.

இனி 2023க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் நெய்மார் சவூதி அரேபியாவின் அல் ஹிலால் கழகத்தில் சேர்ந்தார். சில நாட்களில் ஆசியக் கழகங்களின் போட்டிக்குக் குலுக்கல் நடந்தபோது, மும்பாய் நகர அணியும் அல் ஹிலாலும் ஒரே பிரிவில் விழுந்தன. நெய்மார் இந்தியாவுக்கு வருகிறார்! கேரளத்தான் மட்டுமல்ல, வெள்ளவத்தையிலும் விமானச் சீட்டின் விலையை விசாரித்த இளைஞர் உண்டு; அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். ஆட்டம் நவம்பர் 6ஆம் திகதி என்று குறித்தாயிற்று. ஒக்டோபர் 17ஆம் திகதி மொன்டெவிடியோவில் உருகுவேக்கு எதிராகப் பிரேசிலுக்கு ஆடும்போது நெய்மாரின் இடது முழங்கால் போய்விட்டது. மும்பாய் ஆட்டத்திற்கு நான்கு நாள் முன்னதாக அவர் சத்திரசிகிச்சை மேசையில் இருந்தார்.

முழங்காலுக்குள் என்ன போயிற்று என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்ல. ஆனால், இந்த ஆண்டு இதைப் பற்றி வைத்தியர்களிடம் அதிகம் கேட்டறிய நேர்ந்தது. காரணத்தைப் பிறகு சொல்வேன். தொடையெலும்பையும் கீழ்க்காலின் எலும்பையும் முழங்காலுக்குள்ளே குறுக்காகக் கட்டி நிற்கும் இரண்டு நாண்கள் உண்டு. முன்னதாக நிற்கும் நாண்தான் ஓடுகிறவன் சட்டென்று திரும்பும்போது கீழெலும்பு முன்னுக்கு வழுகாமல் பிடித்து வைக்கிறது. எலும்பு இரண்டுக்கும் இடையில் மெத்தை போலப் பிறை வடிவில் கசியிழையம் இருக்கிறது. நெய்மாருக்கு இரண்டுமே கிழிந்தன. இந்த நாண் அறுவதற்குப் பெரும்பாலும் எவனும் உதைக்கத் தேவையில்லை. பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மறுபக்கம் திரும்பினால் போதும். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். அடிபட்டவனுக்குத்தான் அது கேட்கும். இரத்தமில்லை. தோலில் கீறலில்லை. வீக்கமும் உடனே தெரிய வேண்டுமென்பதில்லை. சில மணி நேரத்தில் ஏறும். சில வேளை அவன் எழுந்து நான்கடி நடப்பான். பார்க்கிறவன், "ஒன்றுமில்லை, நடிக்கிறான்" என்பான். அறுந்த நாண் தானாக ஒட்டிக்கொள்வது அரிது. தொடைத் தசையின் நுனியிலிருந்தோ முழங்காற் சில்லின் கீழிருந்தோ வேறொரு நாணை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். பிறகு ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். முதல் மாதத்தில் காலை நேராக நீட்டப் பழகுவதே பெரிய வேலை.

நெய்மார் மைதானத்திற்குத் திரும்ப 369 நாள் எடுத்தது. அந்த நாட்களில் அவர் செய்தது அவருடைய அபிமானிகளையே சங்கடப்படுத்தியது. சத்திரசிகிச்சை நடந்து இரண்டு மாதம் ஆகுமுன், 2023 டிசம்பர் இறுதியில், தம் பெயரிலேயே ஓர் உல்லாசக் கப்பற் பயணம் நடத்தினார். ஆட்டமும் பாட்டமும் காணொளிகளாக உலகெங்கும் சுற்றின. வயிறு பருத்துவிட்டது என்று படத்தில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். கோடி கோடியாகச் சம்பளம் கொடுக்கும் கழகத்தின் அபிமானிக்கு, "இவர் காலைப் பார்க்கிறாரா, கப்பலைப் பார்க்கிறாரா?" என்று கேட்க உரிமையில்லையா? உண்டு என்றே நான் சொல்வேன். தன் வாழ்க்கையைத் தானே நாளும் பொழுதும் கடைவிரித்தவர், வாங்க வந்தவர்கள் விலை பேசினால் கோபிக்கக்கூடாது. அல் ஹிலாலுக்காக அவர் ஆடியவை மொத்தம் ஏழே ஆட்டங்கள். 2025 சனவரியில் அந்த ஒப்பந்தம் முடிந்து, தாம் சிறுவனாக ஆடத் தொடங்கிய சாந்தோஸ் கழகத்திற்கே திரும்பினார்.

ஆக, கேள்வி கேட்பதும் உண்டு, தூற்றுவதும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. நமது நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 யூனில் நமது கிரிக்கெட் அணி இங்கிலாந்தில் மூன்று இருபது ஓவர் ஆட்டங்களிலும் தோற்றபோது, இலங்கை இரசிகர்கள் ஆட்டக்காரர்களின் முகநூல் பக்கங்களை விட்டு விலகும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கல்லெறியவில்லை, வீட்டு வாசலில் கூச்சலிடவில்லை. "உன்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்லி எழுந்து போவது ஒரு கண்ணியமான கோபம். (அந்தச் சாக்கில் ஆபாசமாகத் திட்டியவர்களும் இருந்தார்கள், அவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.) அதே நாட்களில் குசல் மென்டிஸ், தனுஷ்க குணதிலக்க, நிரோஷன் டிக்வெல்ல ஆகிய மூவரும் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி டர்ஹாம் நகர வீதியில் இரவில் நின்ற காணொளி வெளியாகி, அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டதும் தடைசெய்யப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதே குசல் மென்டிஸ் 2023 ஒக்டோபர் 10ஆம் திகதி ஹைதராபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 77 பந்தில் 122 ஓட்டம் எடுத்துவிட்டு, தசைப்பிடிப்பினால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, விலகிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். எழுந்து போனவன் திரும்பி வரலாம். காறித் துப்பியவன் எந்த முகத்தோடு வருவது?

சமூக ஊடகத்தை ஓர் ஆட்டக்காரன் நல்ல முறையில் கையாண்டதற்கும் உதாரணம் வேண்டுமல்லவா? 2018 யூனில் மும்பாயில் இந்தியா 5-0 என்று தாய்ப்பேயை வென்ற ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளியில் கைகூப்பிக் கேட்டார்: திட்டுவதானாலும் பரவாயில்லை, மைதானத்திற்கு வந்து திட்டுங்கள் என்று. அடுத்த ஆட்டம் அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம். சீட்டுகள் முழுதும் விற்றுத் தீர்ந்தன. நமது சுகததாச மைதானத்தை நினைத்துக்கொண்டேன். 1995இல் தெற்காசியக் கிண்ணத்தை இந்தியாவை 1-0 என்று வென்று கொழும்பிலேயே வைத்துக்கொண்டவர்கள் நாம். 2023இல் சர்வதேச சம்மேளனம் நமது நாட்டைச் சனவரி முதல் ஆகஸ்டு வரை இடைநிறுத்தி வைத்திருந்தபோது, நெய்மாரின் முழங்காலுக்கு நாம் பட்ட கவலையில் காற்பங்கு பட்டோமா? சரி, அது இன்னொரு பேச்சுக்கு உரிய விஷயம்.

இதுவரை பிறருடைய கதையைச் சொன்னேன். இப்போது என்னுடையது.

1981ஆம் ஆண்டு எனக்கு வயது இருபத்திரண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு மைதானத்தில், அயலூர் அணியொன்றோடு எங்களுக்கு ஆட்டம். நான் அன்று ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று சத்தம் போடுவதுதான் என் வேலை. எங்கள் இடது ஓரத்தில் ஓடிய நண்பர் மிக வேகமானவர். அரைவாசி ஆட்டம் கழிந்ததும், பந்தை வெட்டித் திரும்பியவர் விழுந்தார். அவரை ஒருவரும் தொடவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். நான் கத்தினேன்: "எழும்படா! நடிக்காதை! பொம்பிளை மாதிரிக் கிடக்காதை!" சுற்றி நின்ற நாற்பது ஐம்பது பேரும் சிரித்தார்கள். அவர் எழும்பினார். பத்து நிமிடம் ஓடினார். இரண்டாந் தரம் விழுந்தபோது அந்தக் கால் திரும்பிய விதத்தை நான் இங்கே விவரிக்க மாட்டேன். சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இந்தச் சத்திரசிகிச்சையை எங்களில் யார் கேள்விப்பட்டோம்? எண்ணெய் பூசினார்கள், கட்டுப் போட்டார்கள். அவர் பிறகு ஆடவில்லை. இன்றும் நாங்கள் சந்திக்கிறோம். கோயிலில் விழுந்து கும்பிட்டு எழும்ப அவருக்குத் தூண் வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் பார்ப்பதுண்டு. நாற்பது வருடம் கழித்து ஒருநாள் துணிந்து கேட்டேன், அன்று நான் கத்தியது நினைவிருக்கிறதா என்று. "அதை விடு மச்சான். நீ கத்தாட்டிலும் நான் எழும்பி ஓடியிருப்பன்" என்றார். அது உண்மையா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னதா, எனக்குத் தெரியாது. எனக்கு அன்று கையில் தொலைபேசி இருக்கவில்லை என்பதை மட்டும், தொலைபேசியைக் குற்றம் சொல்லும் என் வயதொத்தவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த ஆண்டு மார்ச்சு மாதம் நமது சங்க அணியின் ஆட்டத்தில் நடந்ததைப் பலர் அறிவீர்கள். நமது தம்பி ஒருவர், பத்தொன்பது வயது, எவரும் தொடாமல் விழுந்தார். விழுந்து உருண்டார். அந்தப் பதினொரு விநாடியை ஒருவர் படம் பிடித்து, சினிமா நகைச்சுவைக் குரலொன்றைச் சேர்த்து, "எங்கள் நெய்மார்" என்று தலைப்பிட்டுச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்றிரவு சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. நானும் பார்த்தேன். பார்த்தவுடன் சிரித்தேன் என்பதையும் இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும். 1981 எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. மறுநாட் காலையில்தான் வந்தது. நான்காம் நாள் ஸ்கான் எடுத்தார்கள். முன்நாண் அறுந்திருந்தது.

குழு மௌனமாகிவிட்டது. காணொளி அழிக்கப்பட்டது. ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. தம்பி குழுவிலிருந்து விலகினார், சங்கத்திற்கும் வருவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பட்டியல் எழுதினோம், பணம் ஒரு கிழமையில் சேர்ந்தது. அதில் உங்களை நான் மெச்சுகிறேன். ஆனால், அவருடைய வீட்டுப் படியேறியவர்கள் இதுவரை மூன்று பேர். அவருடைய தாயார் தேநீர் தந்துவிட்டு, "தம்பி அறைக்குள்ளை இருக்கிறார், வர விருப்பமில்லையாம்" என்று எங்களிடம் சொன்னபோது எங்களுக்கு இருந்த நிலை உங்களுக்கு வரவேண்டாம்.

செயற்குழுவில் பெரியவர்கள் சிலர், மைதானத்திற்குக் கைத்தொலைபேசி கொண்டுவருவதைத் தடைசெய்ய வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார்கள். நான் எதிர்த்தேன். இளைஞர்கள் சிலர், "பகிடிக்குச் செய்தது, தெரிந்திருந்தால் செய்திருப்போமா?" என்றார்கள். அதையும் நான் ஒப்பவில்லை. தெரியாதபோது எட்டிப் பார்ப்பதற்குத்தானே மைதானத்தில் நிற்கிறோம். பிரேரணைக்குப் பதிலாக நான் கேட்டது வேறு: அடுத்த ஆட்டம் முதல், யார் விழுந்தாலும், நமது அணியானாலும் எதிரணியானாலும், ஐஸ் பெட்டியோடு ஓடுவதற்கு இருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும் என்பது. அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த இருவரில் ஒருவராகத் தன்னைப் போடும்படி கேட்டவர், அந்தக் காணொளியை எடுத்த தம்பி. அவருடைய பெயரை நான் சொல்லவில்லை, நீங்களும் தேடவேண்டாம். சூனிகாவைத் தேடியவர்களின் கதையை இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, இவரை உங்கள் கையில் கொடுக்க நான் ஆயத்தமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நானும் அவரும் அந்த வீட்டுக்குப் போகிறோம். காயப்பட்ட தம்பி அறையை விட்டு வெளியே வருவாரோ மாட்டாரோ தெரியாது. வராவிட்டால் அடுத்த ஞாயிறும் போவோம். சேர்ந்து வர விரும்புகிறவர்கள் நாலரை மணிக்குச் சங்க வாசலில் நிற்கலாம். வீடு சிறியது, ஆகவே ஒரு முறைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டதென்று தலைவர் மணியைப் பார்க்கிறார்.